எண்பது நெடுவரிசைக்குள் பிறந்த மொழி கிட்டுக்குள் வந்தால்

[திரையில்: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அப்பல்லோ 11 நிரல்தொகுப்பு. கோப்புப் பட்டியல் மெல்ல உருள்கிறது.]

வணக்கம். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 1969-இல் நிலவுக்குப் போன கணினியின் நிரல். எம்ஐடியில் எழுதப்பட்டு, காகிதத்தில் அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆர்வலர்கள் அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து, வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள். 2016-இல் அது கிட்ஹப்பில் பிரபலமானபோது உலகமே வந்து மொய்த்தது. நிலவில் இறங்குவதற்கான பகுதியில், "தற்காலிகம், அப்படித்தான் நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன்" என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. தற்காலிக வரி நிலவு வரைக்கும் போய்விட்டது!

இன்றும் அந்த நிரலுக்குத் திருத்தங்கள் வருகின்றன. ஸ்கேன் செய்த தாளோடு ஒப்பிட்டு, தட்டச்சில் விட்டுப்போன புள்ளியையும் எழுத்தையும் சரிசெய்கிறார்கள். ஆனால் அது அருங்காட்சியக வேலை. அந்த நிரலை நம்பி இன்று யாருடைய சம்பளமும் நிற்கவில்லை. அன்றாடம் ஓடுகிற பழைய மொழிகளின் கதை வேறு.

[திரையில்: பச்சை எழுத்துகள் ஒளிரும் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியின் திரை. பக்கத்தில் இன்றைய எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோட்.]

கோபால் (COBOL) என்ற நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். 1959-இல் குழு அமைத்துத் திட்டமிட்டு, 1960-இல் வெளியிட்ட மொழி. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய நிரல்கள் குழம்பிவிடும் என்ற 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் (ஒய்2கே) தலைக்கு மேல் நின்ற நாட்களில் சென்னையில் பலருக்கு வேலை வாங்கிக்கொடுத்த மொழியும் இதுதான். 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் செய்தியாளர்கள் முன்னால் கேட்டார்.

"தெரிந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மொழி செத்துவிட்டது" என்பது வழக்கமான புலம்பல். எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடில்லை. நிரல் எழுதிப் பழகிய ஒருவருக்குக் கோபாலின் இலக்கணம் பெரிய மலையல்ல. கஷ்டம் மொழிக்கு வெளியே இருக்கிறது. நிரல் என்றால் கோப்பு, கோப்பு என்றால் வரிகள், வரி என்றால் யூடிஎஃப்-8 என்ற இன்றைய குறிமுறையின் எழுத்துகள் என்று, நிரலில் செய்யும் மாற்றங்களை வரிவரியாகப் பதிந்துவைக்கும் கருவியான கிட் (Git) எதிர்பார்க்கிறது. இந்த மூன்றும் இல்லாத உலகத்தில் பிறந்த மொழிகள் உள்ளே வரும்போதுதான் வம்பு.

[திரையில்: ஒரு துளை அட்டை. 1 முதல் 80 வரை நெடுவரிசை எண்கள்.]

முதலில் வரி. அந்தக் காலத்தில் நிரலை அட்டைக்கு ஒரு வரியாகத் துளையிட்டு இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள்; ஐபிஎம்மின் அந்தத் துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். கோபாலின் ஒரு வரி அந்த அட்டையின் அச்சு அசல். முதல் ஆறு நெடுவரிசைகளில் வரிசை எண். அட்டைக்கட்டு கைதவறிக் கீழே சிதறினால், இயந்திரத்தில் கொடுத்து மறுபடி அடுக்க அந்த எண் வேண்டும். ஏழாவது இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு. 8 முதல் 72 வரை நிரல். 73 முதல் 80 வரை உள்ளதை, நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்த 72-இல்தான் ஆள் விழுவான். கோபாலில் ஒரு நிபந்தனை வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடிக்கலாம். உங்கள் வரி சற்றே நீண்டு, அந்தப் புள்ளி 73-ஆவது நெடுவரிசையில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

[திரையில்: ஒரு வரி பெரிதாகிறது. கடைசிப் புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிறது.]

உங்கள் கண்ணுக்குப் புள்ளி தெரிகிறது. கம்பைலருக்குத் தெரியவில்லை. நிபந்தனை முடியாததால் அடுத்த வரியையும் அது தனக்குள் இழுத்துக்கொள்கிறது. எல்லா வாடிக்கையாளருக்கும் போட வேண்டிய கணக்கு, நிபந்தனைக்குள் வருகிற சிலருக்கு மட்டும் போடப்படும். பிழைச் செய்தி எதுவும் வராமலே போகலாம். அட்டை காலத்தில் புள்ளி எந்த நெடுவரிசையில் விழுகிறது என்பது கண்ணெதிரே இருந்தது. நவீன எடிட்டரில் வெள்ளைத் திரை வலப்பக்கம் முடிவில்லாமல் போகிறது.

வரிசை எண்களும் சும்மா இருப்பதில்லை. நடுவில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு எண்களைப் புதிதாகப் போட்டால், கிட்டின் பார்வையில் அதற்குக் கீழே உள்ள வரிகள் எல்லாமே மாறிவிட்டன. உண்மையான மாற்றம் எது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் கிட்டுக்குள் கொண்டுவரும்போது அந்த ஆறு இடங்களையும் காலியாக்கிவிடுவது நல்லது. யாருக்கும் அவை இப்போது தேவையில்லை.

[திரையில்: இரண்டு எண்கள். 65, 193.]

அடுத்து எழுத்து. கணினிக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்தான். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு ஆஸ்கி குறிமுறையில் 65. ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் குறிமுறையில் 193. அகர வரிசையின் நடுவில்கூட எப்சிடிக்கில் இடைவெளி உண்டு: ஒன்பதாவது எழுத்து 201, பத்தாவது 209. மெயின்ஃப்ரேமுக்கான கிட்டில் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. கிட் நிரலைச் சேமித்துவைக்கும் களஞ்சியத்தில் யூடிஎஃப்-8, இயந்திரத்தில் இறக்கும்போது எப்சிடிக் என்று தானே மாற்றிக்கொள்ளும்.

பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். ஆனால் பழைய நிரலாளர் சிலர் மேற்கோள் குறிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளை நேரடியாகவே வைத்திருப்பார்கள். அதில் ஒன்று மாற்றத்தின்போது "புதிய வரி" ஆகிவிட்டால், ஒரு வரி இரண்டாகப் பிளந்துபோகும். நகர்த்துவதற்கு முன்பே இவற்றைத் தேடிப் பிடித்து, பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாக மாற்றி எழுதுவதுதான் வழி. சலிப்பூட்டும் வேலை, தவிர்க்க முடியாது.

மெயின்ஃப்ரேமின் நிரல் தொகுப்புகளில் ஒவ்வொரு நிரலின் பெயரும் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும், பின்னொட்டும் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். கிட்டுக்குள் கொண்டுவரும்போது பின்னொட்டு வைத்துக்கொடுத்தால் போதும்.

[திரையில்: ஸ்மால்டாக் சூழல். சாளரத்துக்குள் சாளரம்.]

கோப்பே இல்லாத மொழியும் உண்டு. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவான ஸ்மால்டாக்கில் நிரல், எடிட்டர், ஓடிக்கொண்டிருக்கும் பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஒரே 'இமேஜ்'. சேமித்தால் அந்த நிமிடம் அப்படியே உறைந்து, திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அழகான ஏற்பாடு; இன்றைய பல கருவிகள் இன்னும் அந்த உயரத்தைத் தொடவில்லை என்றே சொல்வேன். ஆனால் ஒரே மூட்டையாக இருப்பதை இருவர் திருத்தினால் கிட் எப்படி ஒப்பிடும்? ஸ்மால்டாக்கின் இன்றைய வாரிசுகளில் ஒன்றான பரோ, நிரலின் அடிப்படைப் பிரிவான ஒவ்வொரு கிளாஸையும் தனித்தனி உரைக்கோப்பாக எழுதும் 'டோனல்' என்ற வடிவத்தைப் பயன்படுத்துகிறது. இமேஜும் உயிரோடு இருக்கிறது, கிட்டுக்கும் வரிகள் கிடைக்கின்றன.

ஏபிஎல் மொழிக்குக் காலமே கைகொடுத்தது. அம்புகளும் வட்டங்களுமாக அதன் விசித்திரக் குறிகளுக்காக ஒரு காலத்தில் தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து உருண்டையையே மாற்ற வேண்டியிருந்தது. யூனிகோடு வந்ததும் அந்தக் குறிகள் எல்லா இடத்திலும் தெரிய ஆரம்பித்துவிட்டன.

[திரையில்: ஜிசிசி 15 வெளியீட்டுப் பக்கம்.]

கோபாலைத் தொட்டுப் பார்க்க மெயின்ஃப்ரேம் தேவையில்லை. நிரலை சி மொழிக்கு மாற்றித் தரும் குனுகோபால் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கிறது. 2025-இல் வெளியான ஜிசிசி 15 கம்பைலர் தொகுப்பிலேயே கோபாலுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஓப்பன் மெயின்ஃப்ரேம் திட்டத்தின் கோபால் பாடமும் கிட்ஹப்பில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து நெடுவரிசைக் கட்டுப்பாடு இல்லாமல் எழுதவும் அனுமதி உண்டு. புதிதாக எழுதினால் அப்படியே எழுதுங்கள். பழைய நிரலைத் திறக்கிறீர்கள் என்றால், முதல் வேலையாக எடிட்டர் அமைப்புகளுக்குப் போய் 7-ஆவது, 72-ஆவது நெடுவரிசைகளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டேப் விசையை அழுத்தினால் வெற்றிடங்கள் மட்டும் விழும்படி மாற்றிவிடுங்கள். பிறகு நிரலைத் தொடலாம்.