கால்சியம் ஊற்றுவதற்கு முன் காலைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. நான் கால்நடை மருத்துவர் இல்லை, கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கிறவன், அவ்வளவுதான். கோழிக்குஞ்சுகளுக்கு வருகிற கால் கோளாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டதுமே எனக்கு ஞாபகம் வந்தது ஒரு மயில் நிறத்துப் பட்டா, அதாவது இளஞ்சேவல்தான்.

ஐந்து வாரக் குஞ்சு. மூக்கு, கண், வால் அமைப்பு எல்லாம் அப்போதே தெரிந்தது. சீக்கிரம் எடை போடட்டும் என்று பிராய்லர் தீனியும் மக்காச்சோளக் குருணையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் எல்லாக் குஞ்சும் ஓடி வருகிறது, இது மட்டும் ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறது. தீனிக் கடையில் சொன்னேன். "கால்சியம் பத்தலை" என்று ஒரு டானிக்கைக் கையில் கொடுத்தார்கள். நானும் விடாமல் ஊற்றினேன், போதாததற்குக் கிளிஞ்சல் தூள் வேறு. பத்து நாளில் அந்தக் கால் பக்கவாட்டில் திரும்பிவிட்டது.

அப்புறம் ஒரு மருத்துவர் காலைப் பிடித்துக் காட்டினார். கோழிக் காலில் பின்பக்கமாக மடிகிற மூட்டு இருக்கிறதே, நாம் அதை முழங்கால் என்று நினைக்கிறோம், உண்மையில் அது அதன் கணுக்கால். அதன் பின்புறத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் ஒரு தசைநார் கயிறு மாதிரி ஓடும். நல்ல குஞ்சின் காலில் கட்டைவிரலை வைத்துத் தடவினால் அந்தக் கயிறு நடுவில் தட்டுப்படும். என் பட்டாவுக்கு மூட்டின் பின்புறம் தட்டையாக, அகலமாக இருந்தது, கயிறு பக்கத்தில் நழுவிக் கிடந்தது. இதற்கு முக்கியமான ஒரு காரணம் மாங்கனீசு குறைவு. கோலின், பயோட்டின் மாதிரிச் சத்துகள் குறைந்தாலும் வரும். மக்காச்சோளத்தில் மாங்கனீசு மிகக் குறைவு, அரிசித் தவிட்டில் நிறைய. இதில் கொடுமை என்னவென்றால், கால்சியமும் பாஸ்பரசும் அளவுக்கு மேல் போனால் இருக்கிற மாங்கனீசும் உடம்பில் சேராது. ஆக, மருந்து என்று நினைத்து நான் ஊற்றியதே குஞ்சுக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. முதல் ஓரிரு நாளில் பார்த்திருந்தால் காலை நீட்டி நாரைப் பள்ளத்துக்குள் தள்ளிக் கட்டுப் போட்டுப் பார்த்திருக்கலாம், அதுவும் பல நேரம் மறுபடி நழுவிவிடும். பட்டா பிழைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நொண்டுகிற குஞ்சைக் கண்டதும் கால்சியத்தைத் தேடாதீர்கள். எப்படி நொண்டுகிறது என்று பாருங்கள்.

விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, மூடிய கை மாதிரி ஆகி, குஞ்சு மூட்டில் உட்கார்ந்தே நகர்கிறதா? கண் தெளிவாக இருக்கிறது, தீனி வைத்தால் கொத்துகிறது, எழுந்து நிற்கத்தான் முடியவில்லையா? பெரும்பாலும் அது பி2 வைட்டமின், அதாவது ரைபோபிளேவின் குறைவு. இரண்டு வார வயதை ஒட்டித்தான் அதிகம் பார்ப்போம். பி காம்ப்ளெக்ஸ் டானிக்கைக் குப்பியில் போட்டிருக்கிற அளவில் தண்ணீரில் கலந்து வையுங்கள், ஆனால் நிழலில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் அந்தச் சத்து அழிந்துவிடும். சீக்கிரம் கவனித்தால் சில நாளில் விரல் விரியும். விட்டுவிட்டால் கால் நரம்பு கெட்டுப்போகும், அதற்குப் பிறகு எந்த டானிக்காலும் பிரயோஜனமில்லை. பால் திரிந்தால் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரில் லேசான பச்சை மஞ்சள் நிறம் தெரியுமே, அது இந்த பி2 தான். இன்னொன்று, இந்தக் குறை குஞ்சில் தெரிந்தாலும் பல நேரம் ஆரம்பம் தாய்க்கோழியிடம். முட்டையிடுகிற கோழிக்கு வெறும் சோளமும் நெல்லும் போட்டால் முட்டைக்குள் என்ன இருக்கும்? கீரை, கருவாடு, கொஞ்சம் மோர் என்று முட்டைக்கு முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும்.

எலும்பு வளைந்து, அலகை அழுத்தினால் ரப்பர் மாதிரி வளைந்தால், அது கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 சமாச்சாரம். அப்போது கால்சியம் கொடுங்கள், வெயிலிலும் விடுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் உதவாது. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடவே கூடாது. அதில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் வரை இருக்கும், குஞ்சுக்குத் தேவை ஒரு சதவீதம்தான். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டையிலிருந்து வந்த புதிதில் இரண்டு காலும் அகட்டிப் போனால் பாதிக் குற்றம் தரையில் இருக்கும். செய்தித்தாள் வழுக்கும், சாக்கு விரியுங்கள். இரண்டு காலையும் நடக்க இடம்விட்டு ஒட்டுப் பிளாஸ்திரியால் சில நாள் இணைத்து வைத்தால் போதும்.

பயப்பட வேண்டியது இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல், ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிப் படுக்கிற பட்டாவைப் பார்த்துத்தான். அது மாரெக்ஸ். ஹங்கேரி மருத்துவர் யோசெப் மாரெக் 1907-லேயே எழுதிய நோய், வைரஸ், இன்றுவரை மருந்து கிடையாது. பொரித்த முதல் நாளே தடுப்பூசி போட வேண்டும். நம்மில் பலர் போடுவதில்லை, ஏனென்றால் ஒரு குப்பி நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கு உரியது, கலக்கினால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் பொரிக்க வைத்தால் முடிகிற காரியம்தான், நாம் சேர மாட்டோம், அவ்வளவுதான்.

திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் நல்ல உயரமான பட்டா கிடைத்தால் வாங்கத்தான் தோன்றும். கையில் தூக்கி மூக்கைப் பார்க்கிற நேரத்தில், கீழே இறக்கி நாலு அடி நடக்க விட்டும் பாருங்கள். கால் கோணிய சேவலை, வால் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் இனத்துக்குச் சேர்க்க மாட்டேன். சில கோணல் ரத்தத்திலேயே வரும்.

அந்தப் பட்டாவோடு பொரித்த விடை, அதாவது பெட்டைக்கோழி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, லேசாகச் சாய்ந்துதான் நடக்கும். அதன் முட்டைக்கு ஆள் வந்து விலை பேசினார்கள், கொடுக்கவில்லை. இப்போது பக்கத்து வீட்டுச் சிறுவிடை (சின்ன நாட்டுக்கோழி) முட்டை பதினொன்றை வைத்து அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, கிட்டப் போனால் கொத்துகிறது.