ஹுபிலாடோ: கொம்பின் ஓசையில் பிறந்த சொல்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஸ்பானிய மொழியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவரை 'ஹுபிலாடோ' என்பார்கள். ஸ்பெயினின் பல சிற்றூர்களில் 'ஹோகார் தெல் ஹுபிலாடோ' என்று பலகை மாட்டிய கூடம் உண்டு. ஓய்வு பெற்றவர்களின் இல்லம் என்று பொருள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கே போனால், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவில் டொமினோ கட்டைகளைப் படார் படாரென்று மேசையில் அடித்து ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் ஓர் ஆட்டுக்கடாவின் கொம்பில் போய் நிற்போம். எபிரேயத்தில் 'யோவேல்' என்றால் ஆட்டுக்கடா. அதன் கொம்புக்கும் அதுவே பெயர். ஏழேழு 49 ஆண்டுகள் கழிந்து, 50ஆம் ஆண்டில் கொம்பு ஊத வேண்டும் என்கிறது லேவியராகமம் 25ஆம் அதிகாரம். அந்த ஆண்டில், கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புவான். வறுமையில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே வந்து சேரும். தமிழ் விவிலியத்தில் நாம் படிக்கும் 'யூபிலி வருஷம்' இதுதான்.

லத்தீனில் ஏற்கெனவே 'யூபிலாரே' என்றொரு வினை இருந்தது. குரலெடுத்துக் கூவுவது என்று பொருள். அது நாட்டுப்புறத்து மக்களின் கூவல் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ எழுதியிருக்கிறார். ஒலி ஒத்திருந்ததால் எபிரேயக் கொம்போசையும் இந்தக் கூவலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஸ்பானியத்தில் 'ஹூபிலோ' என்றால் இன்றும் பேரானந்தம். நாம் 'ஓய்வு' என்கிறோம், களைத்தவருக்கு உரிய சொல். அவர்களுடைய சொல்லிலோ விடுதலை இருக்கிறது. அதனால்தான் எனக்கு அதன்மேல் இத்தனை பிரியம்.

ஆனால் நெருடும் இடமும் ஒன்று உண்டு. நைந்துபோன பழைய மேலங்கியை 'இனி உதவாது' என்று ஒதுக்குவதையும் 'ஹுபிலார்' என்றே சொல்வார்கள். ஒரே வினைதான். மனிதரை விடுவிக்கவும் அதுதான், பொருளைக் கழிக்கவும் அதுதான்.

அர்ஜென்டினாவின் முதியவர்கள் தங்களைக் கழித்துக் கட்ட விடவில்லை. 1991இல் நோர்மா பிளா என்ற ஓய்வூதியப் பெண்மணி, பொருளாதார அமைச்சர் டொமிங்கோ கவாஷோவின் முகத்துக்கு நேரே தங்கள் வறுமையை எடுத்துச் சொன்னார். கேட்ட அமைச்சர் அழுதேவிட்டார். நோர்மா 1996இல் மறைந்தார். அவருக்குப் பின்னும் புதன்கிழமைகளில் பியூனஸ் அயர்ஸ் நாடாளுமன்றத்தின் முன்னால் முதியவர்கள் கூடுகிறார்கள். கைத்தடியோடு வருகிறார்கள், மருந்துச் செலவைச் சொல்லிக் குரல் கொடுக்கிறார்கள். அவர்கள் பிடித்திருக்கும் பதாகைகளில் இருப்பதும் அதே சொல்தான்: ஹுபிலாடோஸ்.