இலை நுனியில் இருக்கிறது பெயர்

வணக்கம் நேயர்களே. நரிவால்போலப் பூங்கொத்து தொங்கும் நரிவால் ஆர்க்கிட்டைத் தாவரப் படமாக வரைவது எப்படி என்று இன்று பார்ப்போம். ஒரு செடிக்குப் பெயரிட்டால், அதற்குச் சாட்சியாக உலர்த்திய மாதிரி ஒன்றைக் காப்பது வழக்கம். நரிவால் ஆர்க்கிட்டுக்கோ சாட்சி ஒரு படம்தான்! டச்சுக்காரர் வான் ரீட் மலபார் செடிகளைப் பற்றித் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் 12ஆம் தொகுதியில், 1693இல் வந்த படம் அது. அதில் இதன் பெயர் ஆஞ்சிலி மரவாழை. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அந்தப் படத்தைக் கொண்டு ‘எபிடென்ட்ரம் ரெட்டூசம்’ என்ற பெயரைத் தந்தார். தாவரவியலாளர் புளூம் 1825இல் பெயரின் முதல் சொல்லான பேரினத்தை மாற்றியதால், இன்று அது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. ரெட்டூசா என்றால் நுனி மழுங்கியது. பூவை அல்ல, இலையைச் சொல்லும் பெயர்.

இதை வரைபவர்கள் அதிகம் தவறுவதும் அங்கேதான். பூவில் மயங்கி, இலையைப் புல் மாதிரி கூராக்கிவிடுவார்கள். நுனி இரண்டு சமமற்ற மடல்களாக, எதுவோ கடித்ததுபோல் இருக்கும். ஓர் இலையின் நுனியாவது நேர்முகமாகத் தெரியட்டும்.

பூங்கொத்தை வெட்டி மேசையில் கிடத்தாதீர்கள். அடிப்பக்கப் பூக்கள் நசுங்கும், தொங்கும் கொத்தின் வளைவும் போய்விடும். கண் மட்டத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலையும் கட்டுங்கள். இயல்பளவில் வரைய ஏ3 தாள் பெரும்பாலும் போதாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வழவழப்பான ஏ2 தாள் நல்லது.

ஒரு கொத்தில் நூறு பூக்கள்கூட இருக்கும். எல்லாவற்றையும் உங்களைப் பார்க்க வைத்தால் சேலைக்கரை டிசைன் ஆகிவிடும். கவராயத்தால் பூக்காம்புகளின் இடங்களை முதலில் தண்டில் குறியுங்கள். அவை சுற்றி ஏறும் ஒழுங்கு அப்போது பிடிபடும். முன்னால் உள்ள ஐந்தாறு பூக்களை முழுதாக வரையுங்கள். ஓரத்துப் பூக்களில் முதுகும் காம்பும்தான் தெரிய வேண்டும்.

தனிப்பூ சுமார் 2 செ.மீ. அதை மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். புதிய பிளேடால் உதட்டை, அதாவது மற்றவற்றிலிருந்து வேறுபட்ட அந்த ஓர் இதழை, நீளவாக்கில் பிளந்தால், பின்னோக்கிய தட்டையான பை தெரியும். ஊசியால் மகரந்த மூடியை நெம்பினால் மெழுகு போன்ற இரண்டு மஞ்சள் திரள்கள் வரும். மிச்சத்தை 70 சதவீத ஆல்கஹாலில் போடலாம், ஆனால் அதற்கு முன்பே நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலில் நிறம் கரைந்து போகும்.

வெள்ளை இதழுக்குக் கறுப்புக் கோடு வேண்டாம். மங்கிய சாம்பல் நிழலே போதும். உதட்டின் ஊதாச்சிவப்புக்குப் பளிச்சென்ற ஓபரா ரோஸ் வண்ணத்தைக் கையில் எடுக்கத் தோன்றும். வெளிச்சத்தில் அது சீக்கிரம் வெளிறும்; குவினாக்ரிடோன் நிறமிதான் தாங்கும்.

வேரைக் காய்ந்த நிலையில் வரைவதா, நனைந்த நிலையிலா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். காய்ந்தால் வெள்ளிச் சாம்பல், நனைந்தால் பச்சை. பாதியில் தண்ணீர் தெளித்தால் ஒரே படத்தில் இரண்டு வேர் வந்துவிடும். படத்தின் அடியில் ‘மூன்று மடங்கு’ என்று எழுதுவதோடு விடாமல் செ.மீ. அளவுகோல் கோடும் போடுங்கள். அச்சில் சுருக்கினால் எழுத்து பொய்யாகும், கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.