விலை கேட்காத காட்டேரி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். 2005 முதல் 2008 வரை நான்கு புத்தகங்களாக வெளிவந்து, உலகெங்கும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, ஐந்து திரைப்படங்களாகவும் வளர்ந்த ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' நாவல் வரிசையை, என் அண்ணன் மகளின் வற்புறுத்தலால் ஒரு வரி விடாமல் படித்து முடித்தேன். அவள் உயிராய் நினைக்கும் அந்தக் கதை என் மனத்தில் ஏன் ஒட்டவில்லை என்று அவளுக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கதை நடப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில். தந்தையோடு வசிக்க அங்கு வரும் 17 வயதுப் பெண் பெல்லா, உடன் படிக்கும் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவனோ 1918-இல் ஸ்பானிய விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக் காட்டேரியாக்கப்பட்டு, அன்று முதல் 17 வயதிலேயே நின்றுவிட்டவன்.

காட்டேரிக் கதை என்றாலே அதற்குள் ஒரு பேரம் இருக்கும். சாகாமல் வாழலாம்; ஆனால் அதற்கு ஈடாக அருமையான ஒன்றை இழக்க வேண்டும். ட்வைலைட்டும் அந்தப் பேரத்தைப் பேசித்தான் தொடங்குகிறது. வெயில் பட்டால் எட்வர்டின் உடல் எரியாமல் வைரம்போல் மின்னுவதைப் பலர் கேலி செய்தார்கள்; எனக்கு அதில் பிணக்கில்லை. ஒரு கற்பனை தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம். வகுத்த விதியை அதுவே மதிக்காமல் போவதுதான் என் குறை. புதிதாகக் காட்டேரியானவர்கள் ரத்தவெறியில் தன்னிலை இழந்து திரிவார்கள் என்று மூன்றாம் புத்தகம் முழுக்க நம்மை அஞ்சவைக்கிறது. நான்காம் புத்தகத்தில் காட்டேரியாகக் கண்விழிக்கும் பெல்லாவோ, முதல் வேட்டையிலேயே மனித ரத்தத்தின் வாடையை நுகர்ந்தும் அதை விட்டு ஓடி விலகிவிடுகிறாள். தந்தை சார்லியை இனிப் பார்க்கவே முடியாது என்பதுதான் அவள் தரவேண்டிய பெரிய விலை. அவரும் சில நாட்களிலேயே வந்து பேத்தியைக் கண்டு மகிழ்கிறார். காட்டேரிகளை ஆளும் வோல்டுரிகள் படையோடு பனிவெளியில் வந்து நிற்கிறார்கள். பெரும் போர் மூளாமலே திரும்பிப் போகிறார்கள்.

2012-இல் வந்த கடைசிப் படத்தில், அதே பனிவெளியில் தலைகள் உருளும் போர் ஒன்றைக் காட்டிவிட்டு, அது, வரப்போவதை முன்கூட்டியே காணும் எட்வர்டின் சகோதரி ஆலிஸுக்குத் தெரிந்த எதிர்காலக் காட்சி மட்டுமே என்று முடித்தார்கள். புத்தகத்தில் இல்லாத அந்தப் போர் படத்துக்குத் தேவைப்பட்டதே, மூலக்கதையில் இருக்கும் வெறுமையைக் காட்டுகிறது என்று நான் கருதுகிறேன்.

உண்மையில் பெல்லா ஒரு விலை கொடுக்கத்தான் செய்கிறாள். ஆனால் கதை அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூன்றாம் புத்தகத்தில், ஓநாயாக உருமாறும் தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போக அவள் தன் பழைய வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்புகிறாள், வண்டி கிளம்பவில்லை. பக்கத்து இருக்கையில், எஞ்சினிலிருந்து கழற்றிய பாகத்தைக் கையில் உருட்டியபடி எட்வர்ட் உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் என்கிறான். இன்றிரவு நான் வரக் கூடாது என்றால் ஜன்னலைச் சாத்திவிடு, புரிந்துகொள்கிறேன் என்றும் சொல்கிறான். அவள் கோபத்தோடு ஜன்னலை அறைந்து சாத்துகிறாள். சற்று நேரம் அதையே பார்த்திருந்து, பெருமூச்சு விட்டு, அகலத் திறந்துவைக்கிறாள். தொடக்கத்தில், அவள் அறியாமலே இரவுகளில் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்திருந்தவனும் இவன்தான். இதைக் காதலின் ஆழம் என்று கதை சொல்லும்போது என்னால் உடன்பட முடியவில்லை. அண்ணன் மகளிடமும் அதை ஒளிக்காமல் சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. இரண்டாம் புத்தகத்தை எடுத்து ஓர் இடத்தைப் பிரித்துக் காட்டினாள். எட்வர்ட் பிரிந்து போன பிறகு, அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் அச்சிட்ட பக்கங்கள் அங்கே வருகின்றன. வேறு ஒரு சொல் இல்லை. அந்த இடத்தில்தான் அழுததாகச் சொன்னாள். நானும் அங்கே புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தேன். இழப்பை அப்படி எழுதத் தெரிந்தவர், கடைசிப் புத்தகத்தில் யாரையும் எதையும் இழக்க விடாமல் காத்துவிட்டாரே என்பதுதான் என் ஆதங்கம். நன்றி, வணக்கம்.