ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு பிரசவம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் மீன் தொட்டி இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். இல்லாதவர்கள் பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே முற்றம், ஒரே கிணறு, ஆறு குடும்பம். வீட்டுத் தொட்டியும் அப்படித்தான். கப்பி ஒரு மூலை, டெட்ரா ஒரு மூலை, கண்ணாடியைக் கவ்விக்கொண்டு தொங்கும் சக்கர் ஒரு மூலை. எல்லாம் சுமுகமாகத்தான் போகும், அதில் ஒருத்திக்குப் பிரசவம் வரும்வரை.

நான் சொல்வது சிக்லிட் மீன்களை. பெயர்தான் புதிது. சந்தையில் ஜிலேபி என்று வாங்குகிறோமே, அது சிக்லிட். கேரளத்தில் வாழையிலையில் பொள்ளித்துத் தரும் கரிமீனும் சிக்லிட். தொட்டியில் முக்கோணமாக மிதக்கும் ஏஞ்சலும் அந்தக் குடும்பம்தான். பல மீன்கள் முட்டையை உதறிவிட்டுப் போய்விடும். பசித்தால் திரும்பிவந்து அதையே தின்னும். இவை அப்படியில்லை, கூடவே நின்று காக்கும்.

ஏஞ்சலில் ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இது தெரியாமல் நான் ஒரு கடையில் ‘நல்ல ஜோடி’ என்று இரண்டை வாங்கிவந்தேன். கடைக்காரர்மேல் குறையில்லை, பாவம், அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? இரண்டாவது மாதம் இரண்டும் சேர்ந்து செடியின் அகலமான இலை ஒன்றை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தன. மறுநாள் வரிசை வரிசையாக முட்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் அத்தனையும் வெள்ளை. கருப்பிடிக்காத முட்டைதான் அப்படிப் பூஞ்சை பூத்து வெளுக்கும். நான் தண்ணீரைக் குறை சொன்னேன். மெத்திலின் ப்ளூ என்ற பூஞ்சை மருந்தை ஊற்றினேன். தொட்டி, என் கை, அம்மாவின் புடவைத் தலைப்பு எல்லாம் நீலம். அடுத்த தடவையும் வெள்ளை. அதற்கடுத்த தடவையும் வெள்ளை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், “எனக்கென்னவோ ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்குடி.” நான் சிரித்தேன்.

நான்காவது தடவை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்று முட்டை வைத்துவிட்டு நகர்ந்தது. ஆண் என்று நான் நம்பியிருந்தது வந்தது, அதே இலையில் அதுவும் முட்டை வைத்தது! முட்டையிடும் சமயத்தில் வயிற்றடியில் சின்னதாகக் குழல் ஒன்று நீளும். பெண்ணுக்கு மொத்தையாக இருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். இங்கே இரண்டும் மொத்தை. ஆண் கிடைக்காவிட்டால் இரண்டு பெண்களே சேர்ந்து குடித்தனம் நடத்தும். அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆகவே ஜோடியாக வாங்காதீர்கள். ஆறு குட்டி வாங்கி வளருங்கள், பொருத்தத்தை அவையே பார்த்துக்கொள்ளும். ஜாதகம் வேண்டாம்.

சரி, நிஜ ஜோடி அமைந்த பிறகு? முதல் இரண்டு ஈட்டு முட்டையைப் பெற்றவர்களே தின்றுவிட்டார்கள். புதுப் பெற்றோர், பதற்றம், மன்னித்துவிடலாம். மூன்றாவது ஈட்டைக் கண்ணாகக் காத்தார்கள். ஒரு டெட்ரா பாதித் தொட்டியைத் தாண்டி வர முடியவில்லை. பகலெல்லாம் அப்படி. காலையில் எழுந்து பார்த்தால் இலை துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. திருடன் யார்? சக்கர். ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று சொல்லி விற்கிறார்களே, அதே சக்கர். இருட்டில் ஏஞ்சலுக்குக் கண் தெரியாது, சக்கருக்கு இருட்டில்தான் வேலையே.

பகலில் நடக்கும் சண்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முட்டை போவது ராத்திரியில். நான் செய்தது இவ்வளவுதான்: சக்கரை வேறு தொட்டிக்கு மாற்றினேன், ஹாலில் ஜீரோ வாட் பல்பு ஒன்றை விடியவிடிய எரியவிட்டேன். மறுபடி சொல்கிறேன், ஜீரோ வாட் பல்பு. சக்கரை மாற்ற இடமில்லாதவர்கள் பல்பையாவது போடுங்கள்.

28 டிகிரித் தண்ணீரில் இரண்டரை நாளில் பொரியும். சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. குஞ்சுகள் இன்னும் ஐந்து நாள் போல இலையில் ஒட்டிக்கொண்டு நெளியும். நழுவி விழுவதைத் தகப்பன் வாயில் எடுக்கும்; தின்கிறது என்று அலறாதீர்கள், திரும்ப இலையில் துப்பிவிடும். நீந்த ஆரம்பித்ததும், அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா, அதாவது பொடி இறால் மாதிரியான உயிரி, கொடுக்க...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, இரண்டு வரியா தெரியவில்லை. உண்மையில் நான் பேச வந்தது பல்லத்தி பற்றி. அப்படிச் சொல்வது மலையாளத்தில், கடைகளில் ஆரஞ்சு குரோமைட். இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட் மூன்றே மூன்று, அதில் ஒன்று. நம் உப்பங்கழி மீன். அதன் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். அதே பல்லத்தி, கரிமீனின் முட்டையைத் திருடவும் செய்யும்! அதை விரிவாகச் சொல்ல... சரி, முடித்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, வேண்டாத சக்கரை ஏரியில் விடாதீர்கள், அங்கேயும் அது பெருகிவிடும். வணக்கம்.