பதினெட்டுக்கு மேல் விரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் பக்கத்தில் இப்போது ஒரு பூனை படுத்திருந்தால் அதன் விரல்களை எண்ணிப் பாருங்கள். எழுப்ப வேண்டாம், தூங்கும்போதே எண்ணலாம். பலருக்கும் 16 என்றுதான் கணக்கு வரும். சரியான கணக்கு 18. முன்னங்காலின் உட்பக்கம், தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலே ஏறி ஒரு விரல் இருக்கும். நம் கட்டைவிரலுக்குச் சமமானது அது. அதை விட்டுவிடுவதால்தான் இரண்டு குறைகிறது. முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு.

இந்த 18-ஐத் தாண்டிப் பிறக்கும் பூனைகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கால்நடை மருத்துவராக இருப்பதால் இப்படிப்பட்ட குட்டிகள் அவ்வப்போது என் மேசைக்கு வருகின்றன. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "டாக்டர், பிறவியிலேயே கால் இப்படி இருக்கு. அதிகமா இருக்கற விரலை வெட்டி எடுத்துடலாமா?"

வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்ல, அந்த விரல் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தாயின் வயிற்றில் குட்டி உருவாகும்போது கால் முதலில் ஒரு சின்ன மொட்டாகத்தான் கிளம்புகிறது. அந்த மொட்டின் ஒரு ஓரத்தில், சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில், ஒரு புரதம் சுரக்கிறது. அதைச் சுரக்கவைக்கும் மரபணுவின் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆமாம், வீடியோ விளையாட்டில் ஓடும் அந்த முள்ளெலியின் பெயரேதான். புரதம் அந்த ஓரத்தில் மட்டும் சுரந்தால் விரல்கள் கணக்காக முளைக்கும். எதிர் ஓரத்திலும், அதாவது கட்டைவிரல் பக்கத்திலும் கொஞ்சம் சுரந்துவிட்டால், அங்கேயும் விரல் முளைக்கத் தொடங்கிவிடும். கூடுதல் விரல் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கமே வருவதற்கு இதுதான் காரணம். பார்ப்பதற்குப் பூனை கையுறை மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'மிட்டன் பூனை' என்று செல்லமாகச் சொல்வதும் அதனால்தான்.

இதில் எனக்கு எப்போதும் வியப்புத் தருவது ஒன்று உண்டு. இந்தப் பூனைகளில் அந்த மரபணு பழுதாகவில்லை. அதை எங்கே, எப்போது இயக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. மரபணுவிலிருந்து எட்டு முதல் பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே அது உட்கார்ந்திருக்கிறது. அந்த ஸ்விட்ச்சில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும். பூனைகளில் அப்படி மூன்று வெவ்வேறு எழுத்து மாற்றங்களை 2008-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதினார்கள். மனிதர்களில் சில குடும்பங்களில் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் வருவதும் இதே ஸ்விட்ச்சில் நேரும் மாற்றத்தால்தான்.

பாம்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாம்புகளில் இந்த ஸ்விட்ச் சிதைந்துபோயிருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் எலிகளின் ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாம்பின் ஸ்விட்ச்சைப் பொருத்திப் பார்த்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குட்டை முளைதான் இருந்தது. ஸ்விட்ச் கொஞ்சம் அதிகமாக வேலை செய்தால் ஆறாவது விரல், வேலை செய்யாமலே போனால் காலே இல்லை.

சரி, இது குட்டிகளுக்கு எப்படிப் போகிறது? தாய், தந்தை இரண்டில் ஒன்றிடம் இந்த மாற்றம் இருந்தாலே போதும், குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது வரும். ஆனால் எத்தனை விரல் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு ஆறு, அடுத்ததற்கு ஏழு, இன்னொன்றுக்கு வழக்கம்போல ஐந்து என்று வரலாம். ஒரே குட்டியின் வலது காலும் இடது காலும்கூட வேறுபடும். முன்னங்கால்களில்தான் அதிகம் பார்க்கிறோம், பின்னங்கால்களில் குறைவு. கனடாவில் ஜேக் என்ற பூனைக்கு நான்கு பாதங்களிலும் ஏழேழாக மொத்தம் 28 விரல்கள். 2002-இல் ஒரு கால்நடை மருத்துவர் எண்ணிச் சொல்ல, அது கின்னஸ் பதிவில் ஏறியது.

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரை, கனடாவின் நோவா ஸ்கோஷியா, இங்கிலாந்தின் தென்மேற்கு, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் இந்தப் பூனைகள் அதிகம். எல்லாமே கப்பல் போய்வந்த கரைகள். எலி பிடிக்கக் கப்பலில் பூனை வளர்த்த காலத்தில், விரல் அதிகமுள்ள பூனை அதிர்ஷ்டம் என்று மாலுமிகள் நம்பினார்கள். ஆடும் தளத்தில் அது நன்றாகப் பற்றி நிற்கும் என்றும் சொல்லிக்கொண்டார்கள். கப்பல் போன இடமெல்லாம் விரலும் போயிற்று.

ஃபுளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்ற தீவு இருக்கிறது. எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1930-களில் அங்கே வாழ்ந்தார். ஒரு கப்பல் தலைவர் அவருக்கு ஆறு விரல் வெள்ளைப் பூனை ஒன்றைக் கொடுத்தார் என்பது அந்த வீட்டில் சொல்லப்பட்டு வரும் கதை. இப்போது அந்த வீடு அருங்காட்சியகம். ஐம்பது, அறுபது பூனைகள் அங்கே உலவுகின்றன, அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் கூடுதல் விரல். 2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்தபோது தீவைக் காலி செய்யச் சொன்னார்கள். அங்கிருந்த பணியாளர்கள் பூனைகளை விட்டுப் போக மனமில்லாமல், தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்களுக்குள் அவற்றோடு தங்கிவிட்டார்கள். 54 பூனைகளும் பிழைத்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

இனி, வெட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூடுதல் விரலால் பூனைக்கு வலி கிடையாது. நடக்கும், தாவும், மரம் ஏறும். விரல் சதையில் தொங்கிக்கொண்டு அடிக்கடி அடிபட்டாலோ, திரும்பத் திரும்பப் புண்ணானாலோ மட்டும்தான் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிப்போம். அழகுக்காக ஒரு குட்டிக்கு மயக்க மருந்து கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னங்கை எலும்பு குட்டையாகவோ இல்லாமலோ பிறக்கும் பூனைகள் உண்டு. கை வளைந்து, கங்காருபோல் பின்னங்காலில் உட்காரும். அவற்றுக்கும் சில சமயம் விரல் கூடுதலாக இருக்கும், ஆனால் அது வேறு கோளாறு, பூனைக்கு உண்மையாகவே சிரமம் தருவது. குட்டியின் முன்னங்கால் குட்டையாகத் தெரிந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட பூனையைக் குட்டி போட விடாதீர்கள்.

மற்றபடி கவனிக்க வேண்டியது நகம். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே முளைக்கும் நகம் தரையிலும் படாது, பூனை எதையாவது பிறாண்டும்போதும் தேயாது. வளைந்து வளர்ந்துகொண்டே போகும். சில கூடுதல் விரல்களில் நகத்தை உள்ளே இழுக்கும் தசைநாரும் சரியாக அமைந்திருக்காது, அதனால் துணியில் மாட்டிக்கொள்ளும்.

ஒருமுறை வயதான ஒரு பெண் பூனை நொண்டிக்கொண்டு வந்தது. மூட்டுவலி என்று நினைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். ஆறாவது விரலின் நகம் மோதிரம்போல் முழு வட்டம் சுற்றி, பாதத்தின் மெத்தென்ற திண்டுக்குள் நுழைந்திருந்தது. சுற்றிலும் சீழ். நகத்தை வெட்டி மெதுவாக வெளியே இழுத்தபோது அந்தப் பூனை கத்தவில்லை, என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டது. எத்தனை வாரம் அப்படியே நடந்ததோ! நான்கு நாளில் சரியாகிவிட்டது.

அப்புறம் என் வழக்கம் ஒன்று உண்டாயிற்று. இப்படிப்பட்ட பூனையின் சிகிச்சை அட்டையில் பெயருக்குக் கீழே நகக் கணக்கை எழுதிவிடுவேன். முன் வலது 7, முன் இடது 6, பின்னங்கால்கள் நான்கு நான்கு, மொத்தம் 21. வீட்டிலும் அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெளிச்சத்தில் ஒரு துண்டை விரித்துப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு நகத்தின் நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் பகுதி, அதைத் தொட வேண்டாம். வெட்ட வெட்ட விரல் விரலாக எண்ணிக்கொண்டே போங்கள். 21 நகம் உள்ள பூனைக்குக் கணக்கு 20-இல் நின்றுவிட்டால், ஒன்று விரல்களுக்கு நடுவே ரோமத்துக்குள் இருக்கிறது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து மறுபடி தேடுங்கள்.

வணக்கம்.