ஒரு ஸ்பூன், அஞ்சு முத்திரை: பழைய வெள்ளியிலயும் தங்கத்துலயும் ஹால்மார்க் படிக்கிறது எப்படி?

வணக்கம். நேரா விஷயத்துக்குப் போயிடலாம். கேமராகிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. இது இங்கிலாந்துல செஞ்ச பழைய வெள்ளி ஸ்பூன். திருப்பினா, காம்போட பின்பக்கத்துல வரிசையா அஞ்சு முத்திரை. ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான்.

மேல இருந்து லைட் விழுந்தா ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு டார்ச், அதையும் பக்கவாட்டுல தாழ்வா வைங்க. இப்ப பாருங்க, நிழல் விழுந்ததும் சிங்கத்தோட வால் வரைக்கும் தெரியுது. லென்ஸ் 10 மடங்கு போதும். லென்ஸைக் கண்ணோட ஒட்டி வெச்சுக்கிட்டு, பொருளை ரெண்டரை சென்டிமீட்டர் கிட்ட கொண்டு வாங்க. முக்கியமா, படிக்கிறதுக்கு முன்னாடி பாலிஷ் போடாதீங்க. பள்ளத்துல இருக்கிற கறுப்புதான் கோடுகளைக் காட்டுது. தேய்க்கத் தேய்க்க அந்தக் கறுப்பும் போகும், முத்திரையோட மேடும் போகும். தேய்ஞ்ச முத்திரைன்னா, மெல்லிசான பேப்பரை மேல வெச்சு மென்மையான பென்சிலால படுக்கை வசத்துல தேச்சுப் பாருங்க.

எல்லாரும் முதல்ல எழுத்தைத்தான் தேடுவாங்க. எழுத்து தெரிஞ்சா வருஷம் தெரிஞ்சிடும்ங்கிற அவசரம். நீங்க அதைக் கொஞ்சம் பின்னாடி வெச்சுக்கங்க.

முதல்ல இந்த முத்திரை. ஒரு முன்காலைத் தூக்கிக்கிட்டு நடக்கிற சிங்கம். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங். 1544-ல இருந்து இருக்கிற முத்திரை. அடுத்தது ஊர். சிறுத்தைத் தலைன்னா லண்டன், இந்த ஸ்பூன்ல இருக்கிறது அதுதான். நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெஃபீல்ட். இந்த ரெண்டு ஊருக்கும் 1773-லதான் வெள்ளியைச் சோதிச்சு முத்திரை அடிக்கிற சோதனை அலுவலகம் வந்துச்சு. ஷெஃபீல்ட் கிரீடம் 1975-ல ரோஜாவா மாறிடுச்சு. மூணு கோபுரக் கோட்டை எடின்பரோ. ஆனா டீ ஸ்பூன் மாதிரி சின்னப் பொருள்ல ஊர் முத்திரை இல்லாமலே போகும். அதை மட்டும் வெச்சு போலின்னு சொல்லிடாதீங்க.

மூணாவது, ராஜா தலை. வரி கட்டியாச்சுன்னு அர்த்தம். 1784 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1890-ல நிறுத்திட்டாங்க. இந்த ரெண்டு தேதியை மனப்பாடம் பண்ணிக்கங்க, பாதி வேலை முடிஞ்சிடும்.

இப்ப எழுத்துக்கு வருவோம். இதுல இருக்கிறது சின்ன எழுத்து ‘ஜி’. லண்டன்ல அந்தக் காலத்துல 20 எழுத்து ஒரு சுற்று. ‘ஏ’ முதல் ‘யூ’ வரைக்கும், ‘ஜே’ கிடையாது. சுற்று முடிஞ்சா எழுத்தோட வடிவத்தையோ, அதைச் சுத்தியிருக்கிற கட்டத்தையோ மாத்துவாங்க. சாதாரண ரோமன் சின்ன எழுத்து 1736, 1776, 1816, 1896-னு திரும்பத் திரும்ப வந்திருக்கு. அப்ப ‘ஜி’ 1742-ஆ, 1782-ஆ, 1822-ஆ, 1902-ஆ? பக்கத்துல ராஜா தலை இருக்கு பாருங்க. அது 1742-லயும் 1782-லயும் இன்னும் வரல. 1902-ல இல்லவே இல்ல. மிச்சம் 1822 மட்டும்தான். இன்னொரு சாட்சியும் இருக்கு. லண்டன் சிறுத்தைக்கு 1821 வரைக்கும் தலையில கிரீடம் இருந்துச்சு, சிங்கமும் முகத்தை நம்ம பக்கம் திருப்பியிருக்கும். இதுல கிரீடம் இல்ல, சிங்கம் தான் நடக்கிற பக்கமே பார்க்குது. மூணும் ஒத்துப்போகுது. அப்பல்லாம் லண்டன்ல எழுத்தை மே மாசக் கடைசியில மாத்துவாங்க. அதனால 1822-னு சொல்றது 1822 மே முதல் 1823 மே வரைக்கும்.

இன்னொண்ணு போட்டுப் பார்ப்போம். லண்டன், பெரிய எழுத்து ‘சி’, பக்கத்துல தலையும் இருக்கு. 1798-ஆ, 1878-ஆ? தலை வலப்பக்கம் பார்த்தா மூணாம் ஜார்ஜ், இடப்பக்கம் பார்த்தா விக்டோரியா. சிறுத்தையோட கிரீடத்தையும் பார்த்துட்டீங்கன்னா சந்தேகமே வராது. ஒரு எச்சரிக்கை: லண்டன் அட்டவணையை வெச்சு பர்மிங்காம் எழுத்தைப் படிக்காதீங்க. 1975 வரைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் வேற வேற சுற்று. எழுத்துக்கு முன்னாடி ஊரைப் பார்க்கச் சொன்னது இதுக்குத்தான்.

அஞ்சாவது, செஞ்சவரோட முதலெழுத்து. செஞ்சவர்னு சொல்றோமே தவிர, சோதனைக்கு அனுப்பினவர்னு சொல்றதுதான் சரி. பட்டறையில யாரோ அடிச்சிருப்பாங்க, முத்திரை கடைக்காரரோடதா இருக்கும். ரெண்டு எழுத்தை மட்டும் வெச்சுப் பேர் சொல்லாதீங்க. நடுவுல புள்ளி இருக்கா, கட்டம் நீள்சதுரமா நீள்வட்டமா, எழுத்து அச்சா கூட்டெழுத்தா, எல்லாம் ஒத்துப்போகணும். லண்டன்ல வெள்ளிப் பட்டறை நடத்தின ஹெஸ்டர் பேட்மேன் 1761-ல பதிவு பண்ணின ‘எச் பி’ கூட்டெழுத்துல இருக்கும். 1697-ல இருந்து 1720 வரைக்கும் ஒரு தனி விதி: ஆயிரத்துக்கு 958 பங்கு வெள்ளி கட்டாயம், முத்திரையில குடும்பப் பேரோட முதல் ரெண்டு எழுத்து. அதனாலதான் பால் டி லாமெரிங்கிற லண்டன் வெள்ளிக் கலைஞரோட முதல் முத்திரை ‘எல் ஏ’. அந்தக் காலப் பொருள்ல நடக்கிற சிங்கம் இருக்காது. உட்கார்ந்திருக்கிற பிரிட்டானியாங்கிற பெண் உருவமும், கழுத்து பிய்ஞ்ச மாதிரி ஒரு சிங்கத் தலையும் இருக்கும்.

போலிகளுக்கு வருவோம். பஞ்ச் அடிச்ச முத்திரையில ஓரம் கூர்மையா இருக்கும். நல்ல ஸ்பூனை அச்செடுத்து வார்த்திருந்தா ஓரம் மழுங்கி, பள்ளத்துல மணல் மணலா புள்ளி தெரியும். ஆறு ஸ்பூனை வரிசையா அடுக்குங்க. கையால அடிச்ச முத்திரை ஒவ்வொண்ணுலயும் ஒரு மயிரிழையாவது தள்ளி, சாய்ஞ்சு விழுந்திருக்கும். ஆறுலயும் அதே இடம், அதே சாய்வு, அதே கீறல்னா ஒரே அச்சுல வார்த்தது. இதுல ஏமாறுறவங்கதான் அதிகம்னு எனக்குத் தோணுது, ஏன்னா முத்திரை எல்லாமே ‘சரியா’ இருக்கும்.

இன்னொரு வேலை, சின்ன உண்மையான பொருள்ல இருந்து முத்திரையை வெட்டி எடுத்து, பெரிய பாத்திரத்தோட அடியில பொடி வெச்சு ஊதி, அதாவது பற்றவெச்சு ஒட்டிடுவாங்க. பேச்சுல பொடி வைக்கிறதை விட மோசம் இது! அன்னைக்கே வரியை ஏய்க்கவும் இதைச் செஞ்சிருக்காங்க. பிடிக்கிறது சுலபம். அந்த இடத்துல வாயால ஆவி ஊதுங்க. ஆவி மறையும்போது முத்திரையைச் சுத்தி வட்டமா பற்றவெச்ச கோடு தெரிஞ்சா விட்டுடுங்க.

அடுத்து முலாம். ‘இ பி என் எஸ்’-னு இருந்தா நிக்கல் கலவை மேல மின்முலாம். அந்தக் கலவைக்கு ஜெர்மன் சில்வர்னு பேர், பேர்ல மட்டும்தான் வெள்ளி. சிலர் இந்த நாலு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துல அலங்காரமா அடிச்சிருப்பாங்க, தூரத்துல இருந்து பார்த்தா அசல் ஹால்மார்க் மாதிரியே இருக்கும். அமெரிக்கப் பொருள்ல சிங்கம், நங்கூரம், ‘ஜி’ மூணும் பக்கத்துல பக்கத்துல இருந்தா பர்மிங்காம்னு நினைச்சுடாதீங்க. அது ‘கோரம்’ங்கிற அமெரிக்கக் கம்பெனியோட சொந்த அடையாளம்.

தங்கத்துல எண்ணே வருஷத்தைச் சொல்லும். பிரிட்டன்ல 9, 12, 15 கேரட் 1854-ல வந்துச்சு. 12-ஐயும் 15-ஐயும் 1932-ல எடுத்துட்டு 14 கொண்டு வந்தாங்க. அதனால ‘15’, ‘.625’ ரெண்டும் சேர்ந்து இருந்தா அந்த 78 வருஷத்துக்குள்ள செஞ்சது. வெறும் ‘18 கே’ மட்டும் இருந்தா அது விக்கிறவர் சொல்றது, அரசாங்கம் சோதிச்சதுன்னு அர்த்தமில்ல. ‘ஜி எஃப்’, ‘1/20’ இருந்தா வேற உலோகத்து மேல ஒட்டின தங்கத் தகடு.

பிரெஞ்சு நகையில கொக்கியோட நாக்குலயும் வளையத்துலயும் தேடுங்க. கழுகுத் தலைன்னா 750 தங்கம், ஆந்தைன்னா வெளியில இருந்து வந்தது. வெள்ளியில மினர்வாங்கிற ரோமானியப் பெண் தெய்வத்தோட தலை. பழைய பொருள்ல பக்கத்துல ‘1’ இருந்தா 950, ‘2’ இருந்தா 800. செஞ்சவர் முத்திரை சாய்சதுரத்துல இருக்கும், சதுரமா இருந்தா முலாம். பழைய ரஷ்யக் கணக்குல 96-தான் சுத்தம், அதனால ‘84’-ன்னா 875.

முத்திரை தேய்ஞ்சு ஒண்ணும் புரியலையா? ஆசிட் ஊத்தாம, 0.01 கிராம் காட்டுற தராசு எடுங்க. இந்த ஸ்பூன் 62.2 கிராம். ஒரு டம்ளர் தண்ணியைத் தராசுல வெச்சு பூஜ்யமாக்குங்க. ஸ்பூனை நூல்ல கட்டி முழுசா முங்கவிடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் படக்கூடாது. இப்ப 6 கிராம் காட்டுது. 62.2-ஐ 6-ஆல வகுத்தா 10.37, அதுதான் இதோட அடர்த்தி. ஸ்டெர்லிங் அங்கதான் நிக்கும், ஜெர்மன் சில்வர்னா 8.7 பக்கம் வரும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தா வகுத்து வர்ற எண் குறையும், பிரஷால தட்டிவிட்டு இன்னொரு தடவை போடுங்க. கத்திக் கைப்பிடி, மெழுகுவர்த்தித் தண்டுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதுக்குள்ள பிசின் நிரப்பியிருப்பாங்க.